ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு

"இது நானில்லை" என்று சொல்லி, சட்டம் போட்ட படத்தை மேசைமேல் வைத்தார் பல் டாக்டரம்மா.

ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்த்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நீங்கதாம்மா. அதே மூக்கு."

"மூக்கு என்னோடதுதான். கன்னம் யாரோடது? தக்காளியை அறுத்து ஒட்டி வச்ச மாதிரி இருக்கு. பல்லைப் பாருங்க, நீலமா மின்னுது. பல் டாக்டருக்கே பல் நீலமா இருந்தா எவன் வந்து வாயைத் திறப்பான்?"

"பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு..."

"பளிச்சுன்னா ஒரு அளவு வேண்டாமா அண்ணே? பின்னாடி இந்தப் பச்சை வேற. என் கண்ணே கூசுது."

பச்சையைச் சொன்னதும் ஸ்டூடியோக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கிளிப்பச்சைத் திரை அவருக்கு உயிர். கடை திறந்த அன்றைக்குத் தன் கையால் சாயம் பூசியது. கொஞ்சம் மங்கினாலும் பொறுக்க மாட்டார்; மறுபடி ஒரு பூச்சுப் பூசிவிடுவார். எந்த முகமானாலும் பச்சைக்கு முன்னால் நிறுத்தினால் தூக்கிக் காட்டும் என்பது அவர் கட்சி. அப்புறம் கம்ப்யூட்டரில் மனைவியை உட்காரவைத்து, "ஏத்து, இன்னும் கொஞ்சம் ஏத்து" என்று நிறத்தை ஏற்றுவார். தெருவே அவரைப் பளிச்சண்ணன் என்றுதான் கூப்பிடும். அதைப் பாராட்டு என்றே அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"எனக்கு வேணுங்கறது இது" என்று டாக்டரம்மா தன் போனை நீட்டினார்.

யார் வீட்டுச் சுவரிலோ மாட்டியிருந்த ஒரு படத்தைப் போனில் எடுத்திருந்தார். ஒல்லியான ஒரு பெண். லேசான சிரிப்பு. நிறங்களெல்லாம் பாலில் முக்கி நிழலில் உலர்த்தியவை போல இருந்தன. கன்னத்தில் சிவப்பு உண்டு, ஆனால் அது சத்தம் போடவில்லை. பின்னால் ஏதோ ஒரு நிறம், சாம்பலா பச்சையா என்று சொல்ல முடியாதபடி அடங்கிக் கிடந்தது.

ஸ்டூடியோக்காரர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பொறாமை என்றால் பொறாமை. இல்லை, அதுக்கும் கொஞ்சம் மேலே.

"யாரும்மா எடுத்தது?"

"தெரியலையே. என் பேஷன்ட் ஒருத்தங்க வீட்டு ஹால்ல பார்த்தேன். புது கிளினிக்ல நுழைஞ்சதும் இப்படி ஒரு படம் இருந்தா, வர்றவங்களுக்குப் பாதி பயம் போயிடும் பாருங்க. வேணும்னா யாருன்னு கேட்டுச் சொல்றேன்."

"வேண்டாம்!"

அவர் போட்ட கத்தலில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கவே வேண்டாம்மா. அதே மாதிரி நானே எடுத்துத் தர்றேன். வெள்ளிக்கிழமைதானே திறப்பு? அதுக்குள்ள கையில இருக்கும்."

கேட்டால் அந்த ஆளிடமே போய்விடுவார் என்ற பயம் அவருக்கு. அந்த ஆள் யாராக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தெருவுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றுமாகப் புதுசாகக் கடை போட்டிருக்கும் எதிர்க்கடைத் தம்பி. வேறு யாருக்கு இந்த நாசூக்கு வரும்?

டாக்டரம்மா போனதும் உள்ளே 'சர்ர்' என்று ஒரு சத்தம். மாப்பிள்ளை. கையில் இழுத்தால் நீளும் அளவு டேப். வாசற்படியிலிருந்து பச்சைத் திரை வரைக்கும் அளந்துகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, என்ன பண்றீங்க?"

"சும்மா பார்க்கறேன் மாமா. இந்தச் சுவர் பூரா போன் கவர் தொங்கவிடலாம். அந்த மூலையில சார்ஜர். கேமராவை யார் மாமா இப்ப தேடறாங்க? போனைத்தான் எல்லாரும் தேடறாங்க."

"இது ஸ்டூடியோ."

"தெரியுது மாமா. அதான் ஆளே இல்லை."

மனைவி குறுக்கே விழுந்தாள். "இப்ப ஒரு ஆள் வந்துட்டுப் போச்சு இல்ல?"

"வந்தாங்க அத்தை. படத்தைத் திருப்பிக் குடுக்க வந்தாங்க."

ஸ்டூடியோக்காரர் மேசையைத் தட்டினார். "மாப்பிள்ளை, ஒரே பேச்சு. அந்தம்மா காட்டின படம் மாதிரி நான் எடுத்துக் காட்டிட்டா?"

"அதே மாதிரி ஒரே ஒரு படம் உங்க கையால எடுத்ததுன்னு காட்டுங்க மாமா. டேப்பைச் சுருட்டி உள்ள வச்சுடறேன். அப்புறம் இந்தக் கடையைப் பத்தி மூச்சு விட மாட்டேன்."

"என்னால முடியலைன்னு என் வாயால சொன்னேன்னா, சாவி உங்களுக்கு."

"ஏங்க!" என்றாள் மனைவி.

சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை மரியாதையாக டேப்பை விட்டார். அது 'சர்ர்' என்று கூட்டுக்குள் ஓடியது.

அன்று பூரா ஸ்டூடியோக்காரர் அந்தப் படத்தையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா அதை அவர் போனுக்கு அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். தலைகீழாகக்கூடப் பார்த்தார்.

"இங்க பாரு, வெளிச்சம் நேரா விழலை. துணி வழியா வடிஞ்சு வந்திருக்கு."

"ம்."

"கேமராக் கண்ணுக்கு மேல மெல்லிசா ஏதோ போர்த்தியிருக்கான். அதான் இந்தப் பனி மாதிரி மூட்டம்."

"ம்."

"இதைப் பார்த்தியா? இதான் பெரிய விஷயம்." ஓரத்தைக் காட்டினார். படத்தின் வலது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, நூல் மாதிரி ஒரு கோடு. நல்ல பச்சை. மற்றதெல்லாம் அடங்கிக் கிடக்க, அது மட்டும் அடங்காமல் நின்றது. "எல்லாத்தையும் மௌனமாக்கிட்டு, ஓரத்துல ஒரே ஒரு கோட்டைப் பேச விட்டிருக்கான் பாரு. கலைஞன்னா இவன்தான் கலைஞன்!"

"நம்ம திரையில எப்பவும் கத்தற பச்சை மாதிரி இல்ல இருக்கு?"

"அதான் நல்லதாப் போச்சு. அந்தக் கோட்டுக்கு நாம எங்கயும் அலைய வேண்டாம். அதே பச்சை நம்மகிட்டயே இருக்கே!"

மறுநாள் டாக்டரம்மா தன் ரோஜா நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு முன்னால் வீட்டுப் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயில் அதன் வழியாக வடிந்து, பதமாக, சன்னமாக டாக்டரம்மாவின் முகத்தில் விழுந்தது.

"அப்படியே இருங்கம்மா. சிரிக்காம சிரிங்க."

க்ளிக்.

கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால், டாக்டரம்மாவின் நெற்றியில் ஒரு பெரிய பூ. மோவாயில் இரண்டு இலை, தாடி மாதிரி.

"விரிப்புல பூப் போட்டிருந்ததா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"தினம் அதுலதான படுக்கறீங்க" என்றாள் மனைவி.

"வெள்ளை விரிப்பு இல்லையா?"

"இருந்துச்சு. போன மாசம் பச்சைச் சாயம் பூசறப்ப கீழ விரிச்சீங்களே, மறந்துட்டீங்களா?"

பூவைத் தவிர்க்க விரிப்பை அவிழ்த்தார்கள். வெயில் நேராக அடித்தது. அதை அடக்க இப்போது கேமராக் கண்ணுக்கு முன்னால் மெல்லிய காலுறை ஒன்றை இழுத்துக் கட்ட வேண்டும் என்றார் ஸ்டூடியோக்காரர். அந்த வீட்டில் அப்படி மெல்லிய காலுறை போடுகிறவர் யாரும் இல்லை. கடைசியில் மாப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டியதாயிற்று. அவர் பந்து விளையாடப் போகும்போது போட்டுப் போட்டுத் தேய்ந்து மெலிந்துபோனதைக் கழற்றிக் கொடுத்தார். எதிரிக்கே ஆயுதம் கொடுக்கிற பெருந்தன்மை.

"துவைச்சதா?" என்றாள் மாமியார்.

"நேத்துதான் போட்டேன் அத்தை."

"போட்டதைக் கேக்கலை. துவைச்சதைக் கேட்டேன்."

கேமராவுக்குக் காலுறை மாட்டியாயிற்று. பக்கத்தில் நின்ற ஸ்டூடியோக்காரருக்கு மூக்கில் நீர் வழிந்தது. பச்சைக் கோட்டுக்காக மனைவி திரையின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள்.

"கொஞ்சம் உள்ள தள்ளு... ரொம்ப வந்துடுச்சு... கோடு மாதிரி வேணும், கம்பம் மாதிரி இல்லை!"

"கை வலிக்குதுங்க."

"கலைக்காகப் பொறுத்துக்கோ."

க்ளிக்.

இந்தத் தடவை டாக்டரம்மாவின் முகம் நிஜமாகவே மூட்டத்தில் மிதந்தது. ஆனால் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாக வலது கண் மட்டும் ஊசி மாதிரித் துல்லியமாக விழுந்திருந்தது.

"அண்ணே, நான் எங்க போனாலும் அந்த ஒத்தக் கண்ணு என்னை முறைக்குது" என்றார் டாக்டரம்மா. "ஓரத்துல அது யாரோட முழங்கை?"

"என்னோடது" என்றாள் மனைவி. "எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுங்க. வீட்டுல மாட்டிக்கறேன்."

ஸ்டூடியோக்காரர் அசரவில்லை. தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார். "நீங்க போட்டிருக்கிற கோட்டுதாம்மா காரணம். உங்க ரோஜாக் கலர் கத்துது. அது கத்தினா முகமும் எதிர்ப்பாட்டுப் பாடுது. கோட்டைக் குடுத்துட்டுப் போங்க, நாங்க பதமா அடக்கித் தர்றோம்."

"எப்படி அடக்குவீங்க?"

"அது எங்க தொழில் ரகசியம்."

தொழில் ரகசியம் என்பது, குளியலறையில் வாளித் தண்ணீரும் வெளுப்புத் தூளும். கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று போட்டுவிட்டு ஸ்டூடியோக்காரர் மறுபடி அந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தார். பார்த்தார், பார்த்தார், வாளியில் ஊறிய கோட்டை மறந்தே போனார்.

"ஏங்க! இங்க வந்து இதைப் பாருங்க!"

கோட்டில் நிறம் அடங்கித்தான் இருந்தது, ஆனால் இடம் பார்த்து அடங்கியிருந்தது. முதுகில் ஒரு தேசம், இடுப்பில் இரண்டு தீவு. ஒரு கை மட்டும் பழையபடி ரோஜா. அதுவும் போக, சுருங்கி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற அளவுக்கு வந்திருந்தது.

"மாப்பிள்ளை பார்க்கறதுக்குள்ள உள்ள போடு!"

"பார்த்துட்டேன் மாமா" என்றார் மாப்பிள்ளை, குளியலறைக் கதவின் அகலத்தை அளந்துகொண்டே. "போன் ரிப்பேருக்கு இந்த அறை சரியா இருக்கும்."

வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தபோது கோட்டை அவர் தோளில் சும்மா போர்த்தி, பின்னால் துணி மாட்டும் கிளிப்புகளால் பிடித்து, கழுத்துக்கு மேல் மட்டும் எடுப்பதாக முடிவாயிற்று. தன் கோட்டின் கதியைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் ஒருவழியாகக் கன்னச் சிவப்பு எல்லாம் போய் வெளுத்தது. ஸ்டூடியோக்காரர் அந்த நொடியைத் தவற விடவில்லை.

க்ளிக்.

"வந்துடுச்சு! அந்த வெளுப்பு வந்துடுச்சு!" என்று குதித்தார்.

"எனக்கு மயக்கமும் வருது" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் மனைவி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக 'ஏத்து' என்று சொன்ன வாய் முதல் தடவையாக 'இறக்கு' என்றது. அவளுக்கே கை வரவில்லை.

"இறக்கு. இன்னும். அந்தக் கோட்டுத் திட்டு இன்னும் தெரியுது, இறக்கு. இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இறங்காதுங்க."

படத்தில் ஒரு சொட்டு நிறம் இல்லை. டாக்டரம்மா சாம்பல் வர்ணத்தில், எங்கேயோ தொலைவில் பார்த்துக்கொண்டு, சாந்தமாக இருந்தார். ரொம்பவே சாந்தமாக.

"அமைதியா இருக்கு இல்ல?" என்றார் ஸ்டூடியோக்காரர், கொஞ்சம் சந்தேகத்தோடு.

"இனிமே யாரும் தொந்தரவு பண்ண முடியாத மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

பெரிதாக அச்சுப் போட்டு, மை உலரட்டும் என்று காலையில் கடையின் முன் கண்ணாடிக்குள் சாய்த்து வைத்தார்கள். சரியக் கூடாதே என்று இரண்டு பக்கமும் ஸ்டூடியோவின் பிளாஸ்டிக் பூ ஜாடிகளை முட்டுக் கொடுத்தாள் மனைவி. சீக்கிரம் உலரட்டும் என்று முன்னால் ஒரு மேசை விளக்கையும் ஏற்றி வைத்தார் ஸ்டூடியோக்காரர். ஓரத்துப் பச்சைக் கோடு? அதை அவர் விடவில்லை. பச்சைக் காகிதத்தில் ஒரு நாடா வெட்டி, படத்தின் ஓரத்தில் நேர்த்தியாக ஒட்டியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒருவர் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

அப்புறம் இன்னும் நாலு பேர்.

"எப்ப ஆச்சு?"

"நேத்து சாயங்காலம்" என்றார் ஸ்டூடியோக்காரர் பெருமையாக. "ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் முடிஞ்சுது."

"ஐயோ பாவம். கஷ்டப்பட்டாங்களா?"

"கடைசியில மயக்கம் வருதுன்னு சொன்னாங்க. ஆனா அந்த நேரத்துலதான் முகத்துல ஒரு சாந்தம் வந்துச்சு பாருங்க, அடடா!"

ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். பக்கத்தில் ஒருவர் கன்னத்தில் கை வைத்தபடி, "பாதி அடைச்ச பல்லோட நிக்கறேனே, மீதியை யார் அடைப்பாங்க?" என்று புலம்பினார்.

அப்போதுதான் ஸ்டூடியோக்காரர் வெளியே வந்து, தன் கடைக் கண்ணாடியைத் தெருவில் நின்று முதல் தடவையாகப் பார்த்தார். சாம்பல் முகம். இரு பக்கமும் பூ. முன்னால் விளக்கு.

"ஏம்மா, அந்த விளக்கை அணை!" என்று அலறிக்கொண்டே அவர் தெருக்கோடியில் இருந்த புது கிளினிக்கை நோக்கி ஓடினார். பின்னால் மனைவி. அவளுக்குப் பின்னால், என்ன நடந்தாலும் தவற விடக் கூடாது என்று மாப்பிள்ளை.

கிளினிக் வாசலில் பூங்கொத்துகள் குவிந்து கிடந்தன. திறப்பு விழாவுக்கு வந்தவையா, மற்றதற்கு வந்தவையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே டாக்டரம்மா கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் ஒரே ஒரு நோயாளி. நல்ல பருமனான அம்மாள். ஒரு கன்னம் பந்து மாதிரி வீங்கி, வாய் நிறையப் பஞ்சு.

"வாங்கண்ணே" என்றார் டாக்டரம்மா. "காலையிலிருந்து போனை எடுத்து 'நான் உயிரோடதான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டிருக்கேன். ஒருத்தர் நம்ப மாட்டேங்கறார். 'அவங்க குரல் இதைவிட நல்லா இருக்கும்'னு வச்சுட்டார்."

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் அந்தப் படம் மாதிரி வரணும்னுதான்..."

"அந்தப் படம்! இதோ, இவங்க வீட்டுலதான் பார்த்தேன். திறப்பு விழாக் கூட்டத்துல என் முகத்தைப் பார்த்துப் பயப்படாம வாயைத் திறந்தவங்க இவங்க ஒருத்தங்கதான்."

ஸ்டூடியோக்காரர் அப்படியே நின்றுவிட்டார். மெல்ல நாற்காலிப் பக்கம் போய், போனில் அந்தப் படத்தைக் காட்டினார்.

"அம்மா, இது உங்க வீட்டுப் படமா?"

பருமனான அம்மாள் தலையை ஆட்டித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"உங்க தங்கச்சியா?"

முறைத்தாள். மறுபடி நெஞ்சைத் தொட்டாள், பலமாக.

"அவங்களேதாங்க அது" என்று இடித்தாள் மனைவி. "அப்ப ஒல்லி."

"அப்படியா! அம்மா, இதை எடுத்தது யாரும்மா? சொல்லுங்க, நான் போய் அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிடணும்."

"ம்ம்! ம்ம்!" அந்த அம்மாள் பஞ்சைப் பிடுங்கப் போனாள். டாக்டரம்மா கையைத் தட்டிவிட்டார். "ரத்தம் நிக்கணும். வாயைத் திறக்கக் கூடாது."

அந்த அம்மாள் விரலை நீட்டி நேராக ஸ்டூடியோக்காரரைக் காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைத் தம்பியின் பெயர்ப் பலகை பளபளத்தது.

"நினைச்சேன்" என்றார் உடைந்த குரலில். "அந்தத் தம்பியேதான்."

"ம்ஹும்!" அவர் நகர்ந்த பக்கமெல்லாம் விரலும் நகர்ந்தது.

"மாமா, உங்களை வெளிய போகச் சொல்றாங்க" என்றார் மாப்பிள்ளை.

அந்த அம்மாள் மாப்பிள்ளையை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைக் காட்டினாள். மேலே வானத்தைக் காட்டினாள். கையை நெற்றிக்கு நேரே பிடித்துக் கண்ணை இடுக்கிக் காட்டினாள்.

"தூர தேசத்துலேர்ந்து வந்தவரா?" என்றாள் மனைவி.

"ஆகாசத்துல இருக்கார்னா..." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "போயிட்டாரோ?"

"போயிட்டாரா!" ஸ்டூடியோக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைப்பையிலிருந்து கடைச் சாவியை எடுத்தார். "மாப்பிள்ளை, நான் பேச்சு மாற மாட்டேன். இதை எடுத்தவன் பக்கத்துல நிக்கக்கூட எனக்கு யோக்கியதை கிடையாது. நிறத்தை ஏத்தறது எல்லாருக்கும் வரும். இப்படி அடக்கறதுக்கு ஒரு மனசு வேணும். எவ்வளவு பொறுமை! எத்தனை நாள் தவமிருந்தானோ! அந்த ஓரத்துக் கோடு ஒண்ணு போதும், அவன் மேதைன்னு சொல்ல. என்னால முடி..."

"ஏங்க, கொஞ்சம் இருங்க!" என்று மனைவி அவர் வாயைப் பொத்தினாள்.

மாப்பிள்ளை சாவிக்குக் கையை நீட்டினார்.

நாற்காலியில் இருந்த அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. டாக்டரம்மா தடுப்பதற்குள் பஞ்சை மொத்தமாகப் பிடுங்கித் தட்டில் எறிந்தாள்.

"அட பளிச்சண்ணே, நீங்க எடுத்ததுதான் அது! அந்தப் பச்சையைப் பார்த்தாலே எங்க வீட்டுக்காரருக்குத் தலை சுத்துதுன்னு, வெயில் அடிக்கிற ஜன்னலுக்கு எதிர்ல மாட்டி விட்டோம். வருஷக்கணக்கா வெளுத்து வெளுத்து இப்பத்தான் பார்க்கற மாதிரி ஆயிருக்கு, சட்டம் மறைச்சிருந்து இப்ப படம் நழுவி வெளிய வந்த அந்த ஓரம்தான் இன்னும் அடங்க மாட்டேங்குது!"